வேங்கையின் வாய் போன கதை

மரங்களுக்கெல்லாம் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் சடையன் என்றொரு மரம்வெட்டி இருந்தான். அப்போதெல்லாம் காடு இப்படி ஊமையாகக் கிடக்காது. சாயங்காலமானால் தேக்கு செருமும், மூங்கில் ஊர்வம்பு பேசும், நெல்லி எதற்கெடுத்தாலும் சிணுங்கும். கேட்கக் கேட்க அலுக்காது. சடையன் குடிசைக்குப் பின்னால் நின்ற வேங்கை மரம் மட்டும் பேச்சில் கஞ்சம். ஆனாலும் தன் கிளையில் தூளி கட்டி வளர்ந்தவன் ஆயிற்றே என்று, நாள் தவறாமல் அவனிடம், "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிடும்.

மரம் வெட்டுகிறவர்களுக்கு அன்று ஒரே சட்டம்தான். கோடரிக் காம்பால் மரத்தைத் தட்டி, "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன்" என்றால் கும்பிட்டு நகர்ந்துவிட வேண்டும். பதில் இல்லையென்றால் அது பட்ட மரம், வெட்டலாம். இந்தச் சட்டம் இருந்தவரை ஒரு பச்சை மரமும் விழுந்ததில்லை.

ஒரு கோடையில் மலை பற்றி எரிந்தது. தீ அணைந்தபோது காடு கரி, சடையன் குடிசை சாம்பல். அவன் மனைவி மாதி பச்சைப் பிள்ளையோடு பாறை இடுக்கில் ஒதுங்கியிருந்தாள். மேற்கே மேகம் திரண்டது. மழைக்குள் கூரை போட மரம் வேண்டும்.

ஊரே கோடரியோடு கிளம்பியது. சடையன் நேரே வேங்கையிடம் போனான். அடி முதல் நுனி வரை கறுத்து நின்றது.

"இருக்கியா?" என்று தட்டினான். சத்தமில்லை. மறுபடி தட்டினான். "நான் இன்னும் சாப்பிடல, கேளேன்" என்றான். அதற்கும் பதில் வராதபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே இருந்த மரங்கொத்தி, "பதறாத காரியம் சிதறாது சடையா. ஒரு மழை போகட்டும்" என்றது.

"மழை பெஞ்சா என் பிள்ளை நனையும். உனக்கென்ன, பொந்து இருக்கு."

"புகை குடிச்ச தொண்டைப்பா. எனக்கே இன்னும் கமறுது."

"பதில் இல்லேன்னா வெட்டலாம். அதுதானே சட்டம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கோடரியை ஓங்கினான்.

ஒரே வெட்டுதான். கரிப்பட்டைக்குள்ளிருந்து சிவப்பாய் வழிந்தது. சடையன் இரண்டு கையாலும் பொத்தினான். விரலிடுக்கிலும் வழிந்தது. உயிர் இருந்திருக்கிறது, சொல்லத்தான் வாயில்லை. கோடரியைப் போட்டுவிட்டு அந்தக் கையோடு மலையெல்லாம் ஓடினான். "வெட்டாதீங்க, உசுரு இருக்கு" என்று ஒவ்வொருவரிடமும் கையை விரித்துக் காட்டினான். ஓங்கிய கோடரிகள் வெட்டாமலே தாழ்ந்தன.

கடைசியில் மாதியிடம் வந்து அவளுக்கும் கையை விரித்துக் காட்டினான். அவள் அந்தச் சிவப்பைத் தொட்டுப் பிள்ளையின் நெற்றியில் பொட்டு வைத்தாள். "இந்த மழையைப் பாறையோட ஓட்டிக்கலாம். இவனை நான் மடியில வெச்சுக்கறேன்" என்றாள்.

மழை பெய்தது. நனைந்தார்கள், நடுங்கினார்கள், பிள்ளை பிழைத்துக்கொண்டான். கரிப்பட்டை வெடித்துக் காடெங்கும் துளிர் கிளம்பியது. வேங்கையும் துளிர்த்தது. போன பேச்சு மட்டும் எந்த மரத்துக்கும் திரும்பவில்லை. சடையன் கிழவனான பிறகும் சாயங்காலமானால் வேங்கையின் அடியில் போய் நின்று, "சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வருவான்.

அன்று முதல்தான் கோடரி பட்டால் வேங்கை சிவப்பாய் வடிகிறது. காடு எரிந்தால் ஒரு மழைக்காலம் போகும்வரை அந்த மலைக்காரர்கள் கோடரியைத் தொடுவதில்லை. அங்கே பிறக்கிற பிள்ளைக்கு முதல் பொட்டு இன்றும் வேங்கைப் பால்தான்.