இரண்டாம் குரலின் இடம்

கோத்தகிரியில் மேகத்துக்கு யாரும் கதவு திறக்க வேண்டியதில்லை. அதுவாக ஜன்னல் வழியே உள்ளே வரும், கொஞ்ச நேரம் உட்காரும், எழுந்து போகும். அந்த ஊரில் ஒரு சின்ன கிறிஸ்தவ ஆலயம். உள்ளே ஒரு பழைய பியானோ. ஈரத்தில் கட்டைகள் உப்பிவிடாமல் இருக்க அதன் வயிற்றுக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பு எரியும். மங்கலான நாளில் இடுக்கு வழியே வெளிச்சம் கசிவதைப் பார்த்தால், பியானோ தூக்கத்தில் கனவு காண்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பியானோவை நாற்பது வருஷமாக வாசிப்பவர் ரூபவதி. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே பியானோ சொல்லிக்கொடுக்கும் அமலி டீச்சரிடம் போய், "எனக்கு முறையாச் சொல்லிக் குடுங்க" என்று நின்றார். அமலிக்கு அப்போது முப்பது வயது. ரூபவதியின் மகளைவிடச் சின்னவர். ஊரில் சிலர் சிரித்தார்கள்.

"சிரிக்கட்டும். எனக்கு என்ன வராதுன்னு எனக்குத்தானே தெரியும்" என்றார் ரூபவதி.

அது நடந்து மூன்று வருஷம். இந்த வருஷம் ரூபவதியின் தங்கை ஜீவமணிக்குத் தொண்டையில் கட்டி வந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. குரல் போய்விட்டது. அக்கா பார்க்க வருகிறாள் என்று சொன்னதும் ஜீவமணி சிலேட்டை வாங்கி எழுதினாளாம்: 'அக்கா மட்டும் வர வேண்டாம்.'

மற்றவர்கள் கோபித்துக்கொண்டார்கள். ரூபவதிக்குக் கோபம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து இருவரும் சேர்ந்தே பாடியவர்கள். ரூபவதி மேல்குரல். அதற்குக் கீழே நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாம் குரல் ஜீவமணி. அப்பா கட்டின அந்தி ஜெபப் பாட்டு ஒன்று உண்டு. அதைப் பாடாமல் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தால் தங்கைக்கு அந்தப் பாட்டுதானே ஞாபகம் வரும்?

ரூபவதி ஒரு மாதம் ஜெபத்தில் வைத்து, அந்தப் பாட்டைப் பியானோ மட்டும் வாசிக்கிறபடி எழுதினார். அதைப் பதிவு செய்து அனுப்பினால், ஜீவமணியின் மகள் ஞாயிறு சாயங்காலம் அம்மாவின் தலைமாட்டில் போட்டுக் காட்டுவதாக ஒத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவைதான் பெரியம்மா. அம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்கன்னா, மறுபடி கேளுங்கன்னு என்னால சொல்ல முடியாது."

வியாழக்கிழமை ரூபவதி முதல் பதிவை டீச்சரிடம் கொண்டு வந்தார். போனில் ஓடவிட்டார். டக் டக் என்று கட்டைகள் அடிக்கிற சத்தம்தான் முன்னால் வந்தது.

"போனை எங்க வச்சீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"பியானோ மேலயே."

"பாட்டு கேக்கணும்னா அங்கதான் காதை வைப்பீங்களாம்மா?"

ரூபவதி சிரித்துவிட்டார். வெள்ளிக்கிழமை போனை மூன்றாவது பெஞ்சில் ஜெபப்புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்துப் பதிவு செய்தார். பதினான்கு தடவை வாசித்தார். பதினான்காவதில் ஒரு பிசகும் இல்லை.

சனிக்கிழமை டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். ஆலயத்துக்குள் மேகம் வந்திருந்தது. பெஞ்சுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"பதிவு நல்லாருக்கு. தூரம் சரி. வாசிப்பும் சுத்தம்" என்றார் டீச்சர்.

"அப்ப அனுப்பிடலாமா?"

டீச்சர் போனை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

"ஜீவமணியம்மா பாடுறதை இப்ப நீங்க இதுகூடப் பாடுங்க."

ரூபவதி பாடினார். முதல் வரியில் அவர் குரலும் பியானோவும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டன. இரண்டாம் வரிக்கு மூச்சு வாங்குவதற்குள் பியானோ அடுத்த வரிக்குப் போய்விட்டது. மூன்றாம் வரியில் நிறுத்திவிட்டார்.

"என்னால உள்ள நுழையவே முடியலையே டீச்சர்."

"ஏன்?"

"அதான் அவ பாகத்தையும் சேத்து நானே வாசிச்சிட்டேனே."

"எதுக்கு?"

"அவளால இனிமே முடியாதே. அவ குரல் இல்லாத குறை தெரியக் கூடாதுன்னுதான்…"

"யாருக்குத் தெரியக் கூடாது?"

ரூபவதி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்த கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பியானோ முன்னால் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடி ஆண்டவரிடம் என்னவோ சொன்னார். டீச்சர் போனை மூன்றாவது பெஞ்சுக்குக் கொண்டுபோனார்.

"இரண்டாம் குரலை விட்டுட்டு வாசிங்க. வரி முடியிற இடத்துல, சபை மூச்சு வாங்குறதுக்கு நிப்பீங்களே, அப்படி நில்லுங்க."

சொல்வது சுலபம். வலது கட்டைவிரல் அதன் பாட்டுக்கு ஜீவமணியின் பாகத்துக்குப் போனது. இழுத்தால் மறுபடி போனது.

"இந்த விரல் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது டீச்சர்."

"திட்டாதீங்க. அதுக்கும் பழக்கம் விடணும்ல."

ஏழாவது தடவையில் விரல் அடங்கியது. மேலே பாட்டு தனியாகப் போனது. கீழே இடது கை மெதுவாக நடந்தது. நடுவே யாரோ உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலி மாதிரி ஓர் இடம் திறந்தே கிடந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் ரூபவதி காத்திருந்தார். அந்த நேரத்தில் தகரக் கூரையிலிருந்து ஈரம் சொட்டும் சத்தம் கேட்டது. ஒரு காத்திருப்பில் ரூபவதியின் மூச்சே கேட்டது.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். முடிந்ததும் டீச்சர், "இதை அனுப்புங்க" என்றார்.

ரூபவதி போனைக் கையில் எடுத்தார். விரல் அனுப்புகிற இடத்துக்கு மேலேயே நின்றது.

"மூணாவது வரியில ஒரு சுரம் மங்கிப் போச்சு."

"ஆமா."

"என் மூச்சு கேக்குது."

"கேக்குது."

"நேத்து வாசிச்சதுல இது ஒண்ணும் இல்ல டீச்சர்."

"ஆமாம்மா. நேத்து வாசிச்சதுல யாருமே இல்ல."

ரூபவதி போனை மடியில் வைத்தார். "எனக்கு அது இல்ல பயம். பாட்டு முழுக்க அவ இடம் ஓட்டையாத் தெரியுது. ஒரே ஒரு தடவை கேக்கப் போறா. படுத்துக் கிடக்கிறவகிட்ட, 'உன் குரல் போச்சு பார்'னு நானே சொல்லிக் காட்டின மாதிரி ஆயிடாதா?"

மேகம் எழுந்து போகத் தொடங்கியிருந்தது. டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குரல் போனது அவங்களுக்குத் தெரியும்மா. அவங்க இடத்துல இன்னும் யாரும் உக்காரலைங்கிறதுதான் அவங்களுக்குத் தெரியாது."