ஊதாத திருநீறு

மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தென்காசிப் பக்கம் மலையடியில் ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு. குரு வடிவம்மை. சீடர் கோமதிநாயகம், லாரி ஓட்டிச் சலித்துப்போய் வந்து சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். அதனால் குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார். இதில் இருவருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

விடிந்ததும் அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசி, ஓர் ஊது ஊதுவார். அந்தக் காற்று முகத்தில் பட்டால்தான் கோமதிநாயகத்துக்குப் பொழுது விடிந்த மாதிரி.

ஊரில் இருமல் காய்ச்சல் பரவியது. அம்மா ஊதுவதை நிறுத்திவிட்டார். திருநீற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொள்வார். எடுத்துப் பூசிக்கொள்வது அவரவர் பாடு. கோமதிநாயகத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. என்ன தப்புச் செய்தோம் என்று மறுகினார். கேட்கவும் வாய் வரவில்லை.

அப்போதுதான் மகள் உலகம்மாளிடமிருந்து செய்தி வந்தது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதற்காக அவளை வாசல் ஏறாதே என்று விரட்டியவர் இவர்தான். பல வருஷமாகப் பேச்சில்லை. இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது. அப்பாவை வரச் சொல்லுங்கள் என்றிருக்கிறாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அம்மா, பேரப்பிள்ளைக்குத் திருநீறு ஊதிக் குடுங்க. இப்பவே கெளம்புதேன்."

சொல்லும்போதே இருமல் வந்தது. உள்ளங்கையில் இருமிவிட்டு, அதே கையை நீட்டினார்.

"மொதல்ல கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அண்ணாச்சி."

கழுவிவிட்டு வந்தார். படியில் ஒரு பொட்டலம் இருந்தது. அம்மா ஜன்னலை விரியத் திறந்து வைத்து, முந்தானையால் வாயைப் பொத்தியபடி தள்ளி நின்றார்.

"ஊதலியே அம்மா?"

"இல்ல."

"ஊதாட்டா அது வெறும் சாம்பல்தான?"

"ஊதினா என் இருமலும் கூடவே வரும். தொண்டை நேத்தே கரகரங்குது."

கோமதிநாயகம் குனிந்து பொட்டலத்தை எடுத்துக்கொண்டார்.

"அப்ப வாரேன்."

"இந்த இருமலோடயா?"

"பிள்ளையத் தொடமாட்டேன். எட்ட நின்னு பாத்துட்டு வந்திருதேன்."

"பச்சப்பிள்ளை இருக்க வீடு. போற வழியில பஸ் பூரா ஆளு. இருமல் நின்னு, உடம்பு தேறட்டும். பெறவு போங்க. மகளுக்கு இப்ப போன் போடுங்க."

"போன்ல என்னத்தச் சொல்ல? இருமல்னா சாக்குன்னுதான் நினைப்பா." அவர் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார். "எத்தன வருஷம் அவ மொகத்துக்கு ஏங்கிக் கெடந்தேன் தெரியுமா? அவளாக் கூப்பிட்டும் நான் வரலன்னா, அப்பாவுக்குக் கோவம் இன்னும் தீரலன்னு நினைச்சிருவாம்மா."

"நீங்க என்னய அப்படித்தான் நினைச்சீங்களா?"

அவர் தலை கவிழ்ந்தது.

அம்மா முகத்தைத் திருப்பி, முழங்கை மடிப்புக்குள் இருமினார். மறுபடியும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"விடிஞ்சா உங்க நெத்தியத்தான் பாக்கேன், அண்ணாச்சி. ஊதணும்னுதான் வருது. வாயப் பொத்திக்கிட்டு நிக்கேன். இதுக்குப் பேரு கோவமா?"

கோமதிநாயகம் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.