முப்பத்தொன்றாவது பிரதி

இன்பவல்லிக்கு முப்பத்து மூன்று வயது. அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த லூர்துராஜுக்கு ஐம்பத்தொன்பது. தொலைபேசித் துறையில் விருப்ப ஓய்வு பெற்றபின் முனைவர் பட்டத்துக்கு வந்தவர். புதிதாகச் சேரும் பிள்ளைகள் லூர்துராஜைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். இன்பவல்லியிடம், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க, சார் வர்றார்" என்பார்கள். இன்பவல்லியும் தள்ளிக்கொள்வார்.

மாணவர் ஆசிரியரை மேடம் என்பார். ஆசிரியர் மாணவரை சார் என்பார். யார் யாருக்குக் குரு என்பதில் இருவருக்கும் குழப்பமில்லை.

மாவட்டத்தின் முப்பத்தொரு ஆஸ்பத்திரிகளும் ரத்த இருப்புக்கு ஒரே பதிவேட்டை வைத்திருந்தன. பிளாக்செயின் முறை. தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் ஒரு பிரதி, தனியாக யாரும் எதையும் திருத்த முடியாது. ஓரிடத்தில் ஒரு யூனிட் செலவானால் மற்ற எல்லாப் பிரதிகளிலும் அது ஏற வேண்டும். ஒவ்வொரு கணினியும் பக்கத்துக் கணினிகளுக்குச் சொல்லும், அவை தம் பக்கத்துக்குச் சொல்லும். ஒரே செய்தி ஒரே இடத்துக்கு எட்டு முறை போய்ச் சேர்ந்தது. இணைப்புகள் திணறின.

லூர்துராஜ் ஐந்து வருடம் உழைத்து ஒரு வழி கண்டார். இணையக் கணினிகளுக்கான புதிய வகை முகவரிகளான ஐபிவி6 முகவரிகளில் ஒரு குழுவுக்கே ஒரு முகவரி வைக்கலாம். அனுப்புகிறவர் ஒரு முறை அனுப்பினால் போதும். பாதை பிரிகிற இடத்தில் செய்தியும் பிரிந்து, குழுவில் சேர்ந்த எல்லோருக்கும் போய்விடும்.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பழைய முறையை நிறுத்திவிட்டுப் புதியதைத் தொடங்கினார். பிற்பகல் மூன்று மணிக்குத் தேர்வுக் குழு. மாதக் கடைசியில் அவருடைய பதிவுக் காலம் முடிகிறது. இன்று தவறினால் ஐந்து வருடமும் போச்சு. இரண்டேகாலுக்கு முடிவுத் தாளோடு கையெழுத்துக்கு வந்தார்.

"எட்டு ஒண்ணாயிடுச்சு மேடம். ரெண்டே நொடியில எல்லாருக்கும் போயிடுது. இதுக்கு மேல குறைக்க என்ன இருக்கு?"

"எல்லாருக்கும்னா?"

"குழுவுல சேர்ந்த அத்தனை பேருக்கும். நூத்துக்கு நூறு."

"எத்தனை பேர் சேர்ந்தாங்க?"

"முப்பது."

இன்பவல்லி அவரைப் பார்த்தார்.

லூர்துராஜ் விளக்கினார். மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியின் கருவி பழசு. அதற்குப் பழைய வகை முகவரிதான் தெரியும், புதுக் குழுவில் சேர முடியாது. அடுத்த மாதம் மாற்றிவிடுவார்கள். ஆறு படுக்கை உள்ள ஓரிடத்துக்காக முப்பது இடங்களும் திணற வேண்டும் என்றால் அது மட்டும் நியாயமா? சேராதவருக்கு அனுப்புவதில்லை. அனுப்பாததைத் தவறிப்போனதாக எப்படிச் சேர்ப்பது? இந்தத் துறையில் எல்லோரும் அப்படித்தான் அளக்கிறார்கள்.

"நடுவுல ரெண்டு முகவரியும் தெரிஞ்ச ஒரு கணினியை வெச்சா?"

"வைக்கலாம். அரை நாள் வேலை. ஆனா ரெண்டு நொடிங்கற எண் கெட்டுடும் மேடம்."

இன்பவல்லி மேசைத் தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார். மலை ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டு, அதற்கு மிக அருகிலுள்ள அடிவார ஆஸ்பத்திரியில் அரிதான ஓ நெகட்டிவ் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

இரண்டரை மணி. செண்பகம் என்ற நர்ஸ் எடுத்தார். பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு யூனிட் இருக்கு சார்" என்றார்.

லூர்துராஜின் மடிக்கணினியில் பூஜ்யம் இருந்தது. காலை பத்து இருபதுக்கு, விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு இரண்டும் போயிருந்தன.

"சிஸ்டர், திரையில ஏதாவது தப்புன்னு காட்டுதா?"

"இல்லையே. நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு ஒரு மாத்தமும் வரல, நிம்மதியா இருக்கு." செண்பகம் தானாகவே தொடர்ந்தார். "இங்க ஒரு பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கு சார், அதே குரூப். ரத்தம் அடிவாரத்துலயே இருக்கே, இங்கயே பாத்துக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

லூர்துராஜ் எழுந்து நின்றார்.

"அடிவாரத்துல இல்ல சிஸ்டர். டவுன்ல நாலு இருக்கு. அங்க அனுப்புங்க. இப்பவே."

செண்பகம் யாரையோ கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்வது கேட்டது.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே சார்."

பதிலுக்குக் காத்திருக்காமல் செண்பகம் வைத்துவிட்டார். கால் மணி நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். வண்டி இறங்கத் தொடங்கிவிட்டது, வலி இன்னும் முற்றவில்லை, போய்ச் சேர்ந்துவிடுவார்கள் என்றார்.

மூன்று மணிக்கு இன்னும் சில நிமிடங்களே இருந்தன. தேர்வுக் குழுவினர் பேசிக்கொண்டே மாடிப்படி ஏறுவது கேட்டது. லூர்துராஜ் தாளில் 'இரண்டு நொடி' என்று இருந்ததை அடித்தார். அதன் மேல் எதையும் எழுதாமல் பேனாவோடு நிமிர்ந்தார்.

"இதுல என்ன போடறது மேடம்?"

"அந்த ரெண்டு யூனிட் எத்தனை மணிக்குச் செலவாச்சு?"

"பத்து இருபது."

"கடைசி ஆளுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நாம போன் பண்ணினப்போ. ரெண்டரை."

"நாலு மணி நேரம் பத்து நிமிஷம். அதை எழுதுங்க சார், கையெழுத்துப் போடறேன்."