இருபத்து நாலில் ஒன்று

பாளையங்கோட்டையில் பல் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிற ஷமீலாவுக்கு முப்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே வேலை மேசையில், நிஜக் கார் மாதிரியே சின்னக் கார் செய்யச் சொல்லித் தருவாள். அவளுடைய மாணவர் வேதமுத்துவுக்கு அறுபத்தொன்று. சுகாதாரத் துறை ஜீப்பை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதல் நாள் விளையாட்டாக அவளை 'டீச்சர்' என்று கூப்பிட்டார். விளையாட்டு போய், டீச்சர் மட்டும் நிலைத்துவிட்டது.

அவர் செய்துகொண்டிருந்தது தான் ஓட்டிய அதே ஜீப்பைத்தான். வெளிநாட்டு டப்பாவில் வந்த பாகங்களில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்து ஜீப் ஓட்டுவதாவது! மூன்று ஞாயிறு அறுத்து, ராவி, ஒட்டி அதை வலது பக்கம் கொண்டுவந்தார். வேலை முடிந்த அன்றைக்குத் தெருக்கோடி வரை தனியாகச் சிரித்துக்கொண்டே போனார்.

அப்படிப்பட்டவர் அடுத்த ஞாயிறு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு துணிப்பை. அவள் கொடுத்திருந்த கத்தி, அரம், இடுக்கி, பெயின்ட் புட்டிகள் எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பாதி முடிந்த ஜீப்பும் அதன் டப்பாவுக்குள் போயிருந்தது.

"இதெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர். நான் நிறுத்திக்கிடுதேன்."

ஷமீலா பையைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"நேத்து பொருட்காட்சிக்குப் போனேன். ஒரு மெஷின் இதே மாதிரி சின்ன ஜீப்பை பிளாஸ்டிக்குல அப்படியே அச்சடிச்சுத் தள்ளுது. நான் டீ குடிச்சுட்டு வாறதுக்குள்ள பானெட்டு முடிஞ்சிட்டு."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அதான் வயித்தெரிச்சல்."

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி முழுக்க அந்த பானெட்டுதான் கண்ணில் நின்றது.

"படிக்க நாலு பேரு வந்தோம். இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"ஆமா. நீங்களும் போயிட்டா ஒருத்தரும் இல்ல."

"அதைத்தான் கேக்கேன். இன்னும் இருபது வருஷத்துல இதுக்கு எதிர்காலம்னு ஒண்ணு இருக்கா? இருக்குன்னு சொல்லுங்க, பையைத் திருப்பித் தூக்கிட்டுப் போறேன். இல்லன்னா எனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

ஷமீலா எழுந்தாள். மேசை மேல் இருந்த பல் அச்சுகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஈரத் துணியால் மேசையை ஒரு மூலை விடாமல் துடைத்தாள்.

"வைங்க" என்றாள்.

"எதை?"

"உங்க இருபது வருஷத்தை."

வேதமுத்து மேசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கேலி பண்ணுகிற முகமாக இல்லை.

"அதை எப்படி மேசைல வைக்க?"

"ஜீப்பை எப்படி வச்சீங்க?"

"குறைச்சுல்லா வச்சேன். அப்படியே ஏத்துனா மேசை நொறுங்கிராதா?"

"எவ்வளவு குறைச்சீங்க?"

"இருபத்து நாலுல ஒண்ணா."

"இதையும் குறைங்க."

வண்டிக்கு டீசல் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு இது பெரிய காரியமில்லை. இருபது வருஷம், இருநூற்று நாற்பது மாதம். உதட்டை அசைத்து வகுத்தார்.

"பத்து மாசம்."

"மேசை தாங்குமா?"

பத்து மாதத்தில் எத்தனை பேர் சேரலாம், எத்தனை பேர் விடலாம், இன்னும் என்னென்ன மெஷின் வரலாம் என்று நினைத்துப் பார்த்தார். பாதியிலேயே கணக்குத் தப்பியது.

"தாங்காது டீச்சர்."

"அப்ப அதை விடுங்க. நாளைக்கு விடியப்போற ஒரு நாளைக் குறைங்க."

இதற்கு அவர் வகுக்க வேண்டியிருக்கவில்லை.

"ஒரு மணி நேரம்."

ஷமீலா அவருடைய டப்பாவைத் திறந்தாள். உள்ளே துழாவி, கட்டை விரல் அளவில் ஒரு கதவை எடுத்துத் துடைத்த மேசையின் நடுவில் வைத்தாள்.

வேதமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கீல் பக்கம் பிசிறு நின்றது. தன்னை அறியாமல் பைக்குள் கையை விட்டு அரத்தை எடுத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் பழைய டிரைவர் மிடுக்கு வந்துவிட்டது.

"ஒரு கதவுக்கு எதுக்கு டீச்சர் ஒரு மணி நேரம்? அரை மணியே எனக்கு அதிகம்."

"ஜீப்புக்கு ரெண்டு கதவு அண்ணாச்சி" என்றாள் ஷமீலா.