குத்தும் கம்பளி

மலைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலம் அது. வாகையூரில் வாரம் ஒரு சந்தை கூடும். அந்தச் சந்தையில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாகக் கடை போட்டவன் மூன்று சந்தைக்குள் ஒரு பொருளாவது விற்க வேண்டும். மூன்றாம் சந்தை முடிந்து பறை கொட்டும்வரை ஒன்றும் விற்காதவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். மறுபடி அந்தப் பக்கம் வரக் கூடாது.

அங்கே குருந்தன் வந்தான். தானே ஆட்டுமயிர் கத்தரித்து, தானே நூற்று, தானே நெய்த கம்பளிகளை அடுக்கி வைத்தான். சந்தையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை.

முதல் சந்தையில், "மகாராசா போத்துற கம்பளி!" என்று கத்தினான். ஒரு பெரியவர் அதை முகர்ந்து பார்த்தார். "அப்ப மகாராசா ஆட்டுக் கிடையிலதான் படுக்கிறாரா?" என்று கேட்டார். சந்தையே சிரித்தது.

இரண்டாம் சந்தையில், "இதுதான் கடைசி, இனிமே கிடைக்காது!" என்று கத்தினான். பின்னால் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்ததை மறைக்க மறந்துவிட்டான், பாவம்.

மூன்றாம் சந்தையில் அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கூவி விற்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். பொழுது சாய்ந்தது. பறைக்காரர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சத் தொடங்கினார்.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். "அண்ணே, பிள்ளைக்குப் போத்த ஒண்ணு குடுங்க."

ஒன்றை எடுத்துக் கொடுத்தால் போதும், இடம் அவனுக்குத்தான். குருந்தன் குழந்தையின் கன்னத்தைப் பார்த்தான்.

"வேண்டாம் தாயி. இது குத்தும். பிஞ்சு உடம்பு செவந்துபோகும். அந்தப் பக்கம் பருத்தித் துணி விக்கிறாங்க, அதை வாங்கிக்க."

சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டக் குனிந்தான். வாய்க்கு வந்த சோற்றை இப்படியா தள்ளிவிடுவது என்று எனக்கே அவன்மேல் கோபம் வருகிறது.

ஆனால் அவள் போகவில்லை. "பின்ன இது யாருக்குத்தாண்ணே ஆகும்?"

"உங்க வீட்டுல மழையில நனையிறது யாரு?"

"எங்க வீட்டுக்காரருதான். வண்டி ஓட்டுறாரு. மழைக்காலம் பூரா இருமிக்கிட்டே கெடப்பாரு."

"அவருக்கு ஆகும். மூணு மாசம் ஆட்டு வாடை அடிக்கும், அதையும் சொல்லிடுறேன். ஆனா மழை உள்ள இறங்காது."

அருகில் நின்ற இருவரை நான்கு முனைகளையும் பிடிக்கச் சொல்லி, கம்பளியின் நடுவே ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினான். புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெருக்கி நெய்த கம்பளி அது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள்.

முனையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் ஓடக்காரர். "குத்தும்னு அவனே சொல்றான். அப்ப மழை இறங்காதுங்கிறதும் நெசமாத்தான் இருக்கும். எனக்கொண்ணு எடுப்பா!" என்றார். அடுத்து ஓர் இடையர் கேட்டார். அதற்கடுத்து ஊர்க்காவலர் கேட்டார்.

பறை கொட்டியபோது குருந்தன் கம்பளி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மனம் நிறைந்திருந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கேட்டவர்களே, வாங்க வந்தவரின் தேவையைக் கேட்டு, தன் சரக்கின் குறையைத் தானே முதலில் சொல்பவன் அதன் நிறையைச் சொல்லும்போதுதான் ஊர் நம்பும்.