ஏரிக்குள் அடித்த கூடாரம்

பேரரசர் ஒருவர், அவருக்குக் கீழே ஒன்பது நாடுகள். படையும் நாணயமும் பேரரசுக்கு, ஏரியும் சந்தையும் நாடுகளுக்கு என்று செப்பேட்டில் வெட்டி வைத்திருந்தார்கள். அது தெரிந்தும், தலைநகரத்து அதிகாரி திரியம்பகர் வேங்கைநாட்டின் ஏரிக்கரை ஊர் ஒன்றில் பல்லக்கை இறக்கி ஓலை வாசித்தார்.

"பேரரசர் முத்திரை வராமல் இனி எந்த ஏரி மடையும் திறக்கக் கூடாது. மீறினால் கை போகும்."

தண்ணீருக்குள் முங்கி, மடையை அடைத்திருக்கும் கட்டையைப் பிடுங்கத் தெரிந்தவன் அந்த ஊரில் கொண்டான் ஒருவன்தான். "அவசரம்னா என்ன செய்ய, சாமி?" என்றான்.

"முத்திரைக்கு ஆள் அனுப்பு. ஆறு நாளில் வரும்."

பிறகு அதிகாரி, புல் மெத்தென்று கிடந்த இடமாகப் பார்த்துக் கூடாரம் அடிக்கச் சொன்னார். அது வற்றிக் கிடந்த ஏரியின் நடுவயிறு.

"சாமி, அது ஏரி."

"எனக்கே சொல்லித் தருகிறாயா?"

கொண்டான் கரையேறிப் போனான்.

மறுநாள் காலை மலையில் மழை கொட்டி, வெள்ளம் ஏரிக்குள் இறங்கியது. பல்லக்குத் தூக்கிகள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அதிகாரி மட்டும் முங்கிய பல்லக்கின் மேல் நின்று, மார்பளவுத் தண்ணீரில் கத்தினார். "மடையைத் திறடா."

"முத்திரைக்கு ஆள் போயிருக்கு, சாமி. இன்னும் ஆறே நாள்தான்."

"செப்பேட்டில் ஏரி உங்களுக்குத்தானே எழுதியிருக்கிறது."

கரையில் ஊரே கூடி நின்றது. கொண்டான் காதில் கைவைத்தான். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லி முடிக்கும்போது மீசை நனைந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கொண்டான் வேட்டியை மடித்துக் கட்டினான்.