ஊரே கோலம் போடாத நாள்

முன்னொரு காலத்தில், அது எந்தக் காலம் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை, ஒரு ராஜாவின் அரண்மனையில் வாமதேவர் என்றொரு சித்திரகாரர் இருந்தார். இருபது வருடமாகச் சித்திர மண்டபத்துச் சுவர்களில் யானை, குதிரை, தேவலோகம் என்று எழுதிக்கொண்டிருந்தார். மந்திரிகள் பார்த்து "ஆகா" என்பார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கும் "ஆகா" என்கிற ஆட்கள்தான். மற்றபடி அந்த மண்டபத்துக்கு ஈ காக்கை வந்ததில்லை.

கூட்டமெல்லாம் கடைத்தெருவில் இருந்தது. அங்கே சுண்ணாம்பு விற்கும் காத்தாயி, சுங்கச்சாவடிச் சுவரில் தினமும் ஒரு படம் எழுதுவாள். ஒரு சட்டிச் சுண்ணாம்பு, நுனி நசுக்கிய ஒரு தென்னை மட்டை, அவ்வளவுதான் அவளுடைய சாமான். உடைந்த ஏரி மதகை எழுதி, கீழே பெரிய எழுத்தில் 'மதகு' என்று போடுவாள். வண்டிக்காரரும் மோர்க்காரியும் நெசவாளியும் நின்று எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். படித்து முடித்ததும், மதகு உடைந்து மூன்று வருடமாகியும் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று பேச ஆரம்பிப்பார்கள். ஊருக்குப் பள்ளிக்கூடமும் அந்தச் சுவர்தான், சபையும் அந்தச் சுவர்தான்.

ஒரு நாள் வாமதேவர் முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். அன்று காத்தாயி ஒரு மாடு எழுதியிருந்தாள். "ஏ, இது எங்க செவலைடா!" என்று ஒரு மாட்டுக்காரர் கத்தினார். அதைக் கேட்ட வாமதேவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இருபது வருடத்தில் அவருடைய யானையை யாரும் 'எங்கள் யானை' என்று சொன்னதில்லையே! பாவம், அவருக்கும் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

மூன்றாம் நாள் அவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, தகுதியில்லாத கைகள் சித்திரம் எழுதுகின்றன. கடைத்தெருவில் ஒரு சுண்ணாம்புக்காரியின் சுவருக்குத் தங்கள் சபைக்கு வராத கூட்டம் வருகிறது. அதைப் பார்த்து ஜனங்கள் படிக்கக் கற்கிறார்கள். படித்துவிட்டுத் தங்கள் ஆட்சியைக் குறை பேசுகிறார்கள். என் ஒப்புதல் இல்லாமல் இந்நகரில் எவரும் தரையிலோ சுவரிலோ ஒரு கோடும் இழுக்கக் கூடாது என்று ஆணையிட வேண்டும்" என்றார். ஓலையையும் தாமே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

தம்மைவிட ஒரு சுண்ணாம்புக்காரிக்கு அதிகக் கூட்டம் என்று கேட்டதுமே ராஜாவுக்கு முகம் கறுத்துவிட்டது. உடனே முத்திரை வைத்தார். அப்போது சபையில் ஒருவர் மட்டும் சிரித்தார். அவர் விகடகவி கூத்தபிரான். ராஜா எதற்கெடுத்தாலும் கூத்தபிரானைக் கூப்பிடுவது வாமதேவருக்கு இன்னொரு எரிச்சல்.

"மகாராஜா, இதை நிறைவேற்றும் பொறுப்பை விகடரிடமே கொடுங்கள். ஒரு கோடு தப்பினாலும் அந்தப் பெண்ணோடு இவரும் நாடு கடத்தப்படட்டும்" என்றார் வாமதேவர்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

கூத்தபிரான் கைகட்டிக் கேட்டார். "எவரும் என்றால் எல்லோரும்தானே, சித்திரகாரரே?"

"எல்லோரும்தான்!"

அன்று மாலையே தண்டோரா போட்டுக்கொண்டு கூத்தபிரான் தெருத் தெருவாகப் போனார். காத்தாயி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னய்யா, என் பொழப்புல மண்ணைப் போட வந்தீரா?"

"ஒரே ஒரு நாள் கையைக் கட்டிக்கிட்டு இரு தாயி. நாளைக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்றார். சொன்னாரே தவிர அவருக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

மறுநாள் விடியும்போது வாமதேவர் வீட்டு வாசலில் ஆயிரம் பெண்கள் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றார்கள். "சாமி, புள்ளிக் கோலம் போடலாமுங்களா? வந்து பாத்துச் சொல்லுங்க!" வாமதேவர் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்தார். "இந்தக் கண்ணராவியை எல்லாம் நான் பார்ப்பதா? ஒப்புதல் கிடையாது, போங்கள்!" என்று கதவைச் சாத்தினார். பெண்கள் மாவைக் கொட்டாமல் வீடு திரும்பினார்கள்.

சாவு விழுந்த வீட்டு வாசலில்தான் கோலம் இருக்காது. ஒரு தெருவில் கோலம் இல்லையென்றால் ஏதோ பெரிய சாவு. ஊர் முழுக்கவே இல்லையென்றால்? சந்தைக்கு வந்த வெளியூர்க்காரர்கள் வெறும் வாசல்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். ராஜா போய்விட்டார்!

ராஜா மாடத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கீழே பறைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். பச்சை மூங்கிலோடு ஒருவன் வாயிற்காவலனிடம் கேட்டுக்கொண்டிருந்தான்: "பாடை கட்டணும்ணே. ராஜா என்ன ஒசரம் இருப்பாரு?"

பக்கத்தில் ஒரு விவசாயி மூக்கைச் சிந்தினார். "தங்கமான மனுசன்யா. அந்த மதகை மட்டும் சரி பண்ணிக் குடுத்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லாவே அழுதிருப்பேன்."

"அவரு என்ன பண்ணுவாரு? சொல்ல வேண்டியவங்க வாயில கொழுக்கட்டையில்ல இருந்துச்சு!" என்றாள் ஒருத்தி.

ராஜா வாயைக்கூடக் கொப்பளிக்காமல் இறங்கி ஓடினார். முன்வரிசையில் ஒப்பாரி வைத்தவள் அவரைப் பார்த்து "ஐயோ, பேயி!" என்று அலறி விழுந்தாள்.

சபை கூடியது. "என்னை உயிரோடு கொன்றவன் யார்?" என்று ராஜா கர்ஜித்தார்.

"ஆணையைத்தான் நிறைவேற்றினேன், மகாராஜா. நகரத்தில் ஒரு கோடும் இல்லை. வேண்டுமானால் தேடிப் பாருங்கள்" என்றார் கூத்தபிரான்.

"கோலமெல்லாம் ஒரு சித்திரமா?" என்று வாமதேவர் துள்ளினார்.

"எனக்கு என்ன தெரியும், ஐயா? ஒப்புதல் தரும் அதிகாரம் தங்களுடையது. ஆயிரம் பேர் வந்து கேட்டார்கள். கிடையாது என்று விரட்டியதும் தாங்கள்தான்."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "மதகு உடைந்தது உண்மையா?" மந்திரி கூரையைப் பார்த்தார். மூன்று வருடமாகச் சபையில் யாரும் சொல்லாததைத் தம் சாவு வீட்டில் கேட்க வேண்டியிருந்ததே என்று ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு அந்தப் பாடைக்காரன் நினைவுக்கு வந்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓலையைக் கிழித்துப் போட்டார். மதகுக்கு அன்றே ஆள் போனது.

"கூத்தபிரானே, என்ன பரிசு வேண்டும்?"

"காத்தாயியின் சுவருக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர் எழுப்புங்கள். அதில் வாமதேவர் எழுதட்டும்."

சுவர் காய்ந்ததும் வாமதேவர் ஒரு யானை எழுதினார். கூட்டம் கூடியது. அதிலிருந்து ஒரு யானைப்பாகன் மெல்லச் சொன்னான்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. ஆனைக்குப் பின்னங்கால் மாட்டுக்கால் மாதிரி மடங்காது. நம்ம முழங்கால் மாதிரி மடங்கும்."

வாமதேவரின் முகம் சிவந்தது. இருபது வருடமாக அதே காலுக்குத்தான் "ஆகா" கேட்டிருந்தார். பிறகு காத்தாயியிடம் சுண்ணாம்பு வாங்கி அந்தக் காலை அழித்து, பாகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே திருத்தி எழுதினார். "இப்பத்தான்யா இது நம்ம ஆனை!" என்று கூட்டம் ஆரவாரம் செய்தது. வாமதேவர் அழுதுவிட்டார்.

தூரத்தில் நின்று ராஜாவும் கூத்தபிரானும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விகடரின் முகம் வாடியிருந்தது.

"என்ன, வயிறு எரிகிறதா?"

"கொஞ்சம் எரிகிறது, மகாராஜா. என் விகடத்துக்கு ஒரு நாளும் இவ்வளவு பேர் நின்றதில்லை."

"உமக்காவது பரவாயில்லை. நான் செத்த அன்றுகூட இவ்வளவு பேர் வரவில்லையே!" என்று ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தம் முத்துமாலையைக் கழற்றி விகடர் கழுத்தில் போட்டுவிட்டு, யானையைக் கிட்டப் போய்ப் பார்க்கக் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு நுழைந்தார்.